குவாண்டம் தருக்கமும் உண்மையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குவாண்டம் தருக்கம் என்று பேச்செடுத்தாலே திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகள் இருக்கின்றன. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றின் மேல் நிற்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது. கணிதம் அதிகம் வேண்டாம், ஒரு தாளில் நாலு கோடு போட்டுப் பார்க்கும் பொறுமை இருந்தால் போதும்.

1. குவாண்டம் தருக்கம்னா என்ன? சுருக்கமா சொல்லுங்க.

ஒரு துகளைப் பற்றி 'ஆம்' அல்லது 'இல்லை' என்று பதில் வரக்கூடிய கூற்றுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 'இதன் ஆற்றல் இந்த அளவுக்குள் இருக்கிறது', 'இது பெட்டியின் இடப் பாதியில் இருக்கிறது' என்பது போல. இவற்றை 'மற்றும்', 'அல்லது', 'அல்ல' போட்டு இணைத்தால் அவை எந்த விதிகளுக்குக் கட்டுப்படும்? பழைய இயற்பியலில் பள்ளியில் படித்த கணங்களின் விதிகளே போதும்: வெட்டு, சேர்ப்பு, நிரப்பி. குவாண்டம் இயற்பியலில் ஒரு கூற்றுக்குப் பொருந்துவது கணம் அல்ல, ஹில்பர்ட் வெளி என்ற திசையன் வெளியின் ஓர் உள்வெளி (ஆதிப்புள்ளி வழியாகப் போகும் கோடு, தளம் மாதிரி). அதனால் விதிகளும் மாறுகின்றன.

கணிதவியலாளர் ஜான் வான் நாய்மன் 1932-ல் எழுதிய நூலிலேயே இதற்கான வித்து இருக்கிறது. 1936-ல் அவரும் கேரட் பிர்காஃபும் சேர்ந்து எழுதிய கட்டுரையில்தான் அது முழு வடிவம் பெற்றது.

2. குவாண்டம் கம்ப்யூட்டரில் வருகிற லாஜிக் கேட்டும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. அங்கே 'கேட்' என்பது கியூபிட்டின் (குவாண்டம் கம்ப்யூட்டரின் அடிப்படைத் தகவல் அலகு) நிலையை மாற்றும் ஒரு செயல். இங்கே நாம் கேட்பது எந்தக் கூற்றிலிருந்து எந்தக் கூற்று பின்தொடரும் என்பதை. இரண்டுக்கும் அடியில் இருக்கும் கணிதம் ஒன்று, அவ்வளவுதான்.

3. ஏதோ ஒரு விதி உடைகிறது என்கிறார்களே, எது? உதாரணம் காட்டினால்தான் நம்புவேன்.

பங்கீட்டு விதி. 'ப மற்றும் (க அல்லது ச)' என்றால் அது '(ப மற்றும் க) அல்லது (ப மற்றும் ச)' என்பதற்குச் சமம் என்று யோசிக்காமலே எடுத்துக்கொள்கிறோம். குவாண்டம் கூற்றுகளில் இது சில இடங்களில் செல்லும், சில இடங்களில் செல்லாது.

ஒரு தாளில் ஒரே புள்ளி வழியாக 0°, 45°, 90°, 135° கோணங்களில் நான்கு கோடுகள் வரையுங்கள். ஒவ்வொரு கோடும் ஒரு ஃபோட்டானின் (ஒளித்துகளின்) முனைவாக்கம் (போலரைசேஷன், அதாவது ஒளி அதிரும் திசை) பற்றிய ஒரு கூற்று. 'ப' என்பது 0°, 'க' என்பது 45°, 'ச' என்பது 135°. 'மற்றும்' என்றால் இரண்டு உள்வெளிகளுக்கும் பொதுவான பகுதி. 'அல்லது' என்றால் இரண்டையும் உள்ளடக்கும் மிகச் சிறிய உள்வெளி. இப்போது 'க அல்லது ச' எவ்வளவு? 45° கோட்டையும் 135° கோட்டையும் சேர்த்து அடக்க முழுத் தாளும் வேண்டும். முழுத் தாள் என்றால் எப்போதும் மெய். ஆகவே 'ப மற்றும் (க அல்லது ச)' என்பது வெறும் 'ப'. மறுபக்கம் பாருங்கள்: 'ப மற்றும் க' என்பது இரு கோடுகள் வெட்டும் புள்ளி மட்டும், அதாவது நடக்கவே முடியாதது. 'ப மற்றும் ச'-வும் அப்படியே. நடக்க முடியாத இரண்டை 'அல்லது' போட்டுச் சேர்த்தாலும் நடக்க முடியாததுதான் கிடைக்கும். ஒரு பக்கம் 'ப', இன்னொரு பக்கம் பொய். (முழுக் கணக்கில் சிக்கலெண்கள் வரும், முடிவு மாறாது.)

இது தாளில் மட்டும் நடக்கும் வித்தை இல்லை. இரண்டு போலரைசர்களை (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் கடக்கவிடும் வடிகட்டிகளை) 0°, 90° என்று ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்தால் இருட்டு. நடுவில் மூன்றாவதை 45°-ல் செருகினால் வெளிச்சம் வருகிறது, முதல் போலரைசரைத் தாண்டிய ஒளியில் கால் பங்கு கடைசிவரை வந்து சேர்கிறது. 45° சோதனையில் தேறிய ஃபோட்டான் '0°' என்ற பழைய சான்றிதழைத் தொலைத்துவிடுகிறது. 'ப மற்றும் க' என்பதற்கு இடமே இல்லை என்பதன் நேரடிக் காட்சி இது.

4. 'அல்லது'க்கு இப்படி ஒரு விசித்திர அர்த்தத்தை நீங்களாகக் கொடுத்துவிட்டு விதி உடைந்தது என்றால் எப்படி?

நியாயமான கேள்வி. இதன் தத்துவப் பக்கம் 12-ல் வருகிறது. இயற்பியல் பக்கத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அந்த அர்த்தம் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுத்தது அல்ல. 45° ஃபோட்டானையும் 135° ஃபோட்டானையும் தவறாமல் கடக்கவிடும் ஒரு சோதனையை நீங்கள் வடிவமைத்தால் அது 0° ஃபோட்டானையும் தவறாமல் கடக்கவிடும், எந்தக் கோணத்தில் இருக்கும் ஃபோட்டானையும் கடக்கவிடும். 'அந்த இரண்டு கோடுகள் மட்டும், நடுவில் உள்ளவை வேண்டாம்' என்று பிரித்துக் காட்டும் சோதனையே கிடையாது. மேற்பொருந்தும் நிலைகள் (இரண்டு நிலைகளைக் கலந்து கிடைக்கும் நிலைகள்) இருப்பதன் விளைவு அது.

'அல்ல' என்பதற்கும் இதே கதைதான். 'ப அல்ல' என்றால் 0° கோட்டுக்கு வெளியே உள்ள எல்லாம் அல்ல, அதற்குச் செங்குத்தான 90° கோடு மட்டும். 45°-ல் இருக்கும் ஃபோட்டானுக்கு 'ப' நிச்சயமில்லை, 'ப அல்ல' என்பதும் நிச்சயமில்லை. அடுத்த கேள்வி இங்கேதான் பிறக்கிறது.

5. அப்போ மெய், பொய், ரெண்டும் கெட்டான் என்று மூன்று மதிப்பா?

அந்த வழியில் போனவர்கள் உண்டு. ஹான்ஸ் ரைகன்பாக் 1944-ல் 'தீர்மானமில்லாதது' என்ற மூன்றாவது மதிப்போடு ஒரு தருக்கத்தை முன்வைத்தார். பிர்காஃப், வான் நாய்மன் வழி அது அல்ல. 45° ஃபோட்டானை எடுத்தால் 'ப' தீர்மானமில்லை, 'ப அல்ல'வும் தீர்மானமில்லை, ஆனால் 'ப அல்லது ப அல்ல' என்பது முழுத் தாள், அதாவது சந்தேகமில்லாமல் மெய். 'ஒன்று இது, இல்லையென்றால் இதன் மறுப்பு' என்ற நடுவிலக்கு விதி அப்படியே நிற்கிறது. 'ஒவ்வொரு கூற்றும் மெய் அல்லது பொய்' என்ற இருமதிப்புக் கொள்கைதான் ஆட்டம் காண்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே நிலையில் 'ப அல்லது ப' என்று போட்டால் அது வெறும் 'ப', தீர்மானமில்லை. தீர்மானமில்லாத இரண்டை 'அல்லது' போட்டால் ஒரு தடவை மெய் வருகிறது, இன்னொரு தடவை தீர்மானமில்லாதது வருகிறது. ஆகவே பகுதிகளின் மதிப்பை மட்டும் வைத்து முழுமையின் மதிப்பைச் சொல்லும் உண்மை அட்டவணை எதுவும் இங்கே ஓடாது. என்னைக் கேட்டால் பங்கீட்டு விதி உடைவதைவிட இதுதான் ஆழமான செய்தி: ஒரு 'அல்லது' கூற்று மெய்யாக இருக்கிறது, அதன் இரண்டு பக்கத்தில் எதுவுமே மெய்யாக இல்லை.

6. ஆக, உண்மை என்று ஒன்றுமே இல்லை, எல்லாம் பார்ப்பவரைப் பொறுத்தது என்று அறிவியலே சொல்லிவிட்டதா?

சொல்லவில்லை. மேலே போட்ட கோடுகள் யார் பார்த்தாலும் அதே கோடுகள். 0° ஃபோட்டான் 90° போலரைசரைக் கடக்காது என்பது உங்கள் நம்பிக்கையையோ என் மனநிலையையோ கேட்டு நடப்பதில்லை. உள்வெளிகளின் அமைப்பு கணித உண்மை, சோதனை முடிவுகள் உலகத்தைப் பற்றிய உண்மை. இரண்டும் சாதாரண அர்த்தத்தில்தான் உண்மை.

இதில் நைசாக நுழையும் ஓர் அனுமானத்தை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். 'ஒரு கூற்று மெய்' என்பதை 'அந்தச் சோதனையில் ஆம் என்ற பதில் நூற்றுக்கு நூறு நிச்சயம்' என்பதோடு சமப்படுத்திவிட்டுத்தான் 5-ஆம் பதிலை எழுதினேன். பெரும்பாலான பாடநூல்களும் அப்படித்தான் எழுதுகின்றன. ஆனால் அந்தச் சமன்பாடு கணிதத்திலிருந்து வருவது அல்ல, அது ஒரு விளக்கம். டேவிட் போம் 1952-ல் தந்த கோட்பாடும் ஹியூ எவரெட் 1957-ல் தந்த கோட்பாடும் அதை ஏற்பதில்லை, ஆனாலும் அதே ஹில்பர்ட் வெளியைத்தான் பயன்படுத்துகின்றன. குவாண்டம் தருக்கம் உண்மையைப் பற்றி என்ன சொல்கிறது என்று யாராவது அடித்துச் சொன்னால் இந்தச் சமன்பாட்டை அவர் எங்கே வைத்திருக்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

7. பூனை உயிரோடும் இருக்கிறது, செத்தும் இருக்கிறது என்றால் அது முரண்பாடு இல்லையா?

பெட்டிக்குள் அடைத்த ஒரு பூனையின் உயிர் ஓர் அணு சிதைகிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது என்று வைக்கும் கற்பனைச் சோதனை அது. இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் 1935-ல் அந்தப் பூனையைக் கொண்டுவந்ததே இப்படிச் சொல்வது எவ்வளவு அபத்தம் என்று காட்டத்தான். குவாண்டம் தருக்கத்தில் 'ப மற்றும் ப அல்ல' எப்போதும் பொய், ஏனென்றால் ஓர் உள்வெளியும் அதன் செங்குத்தும் ஆதிப்புள்ளியில் மட்டுமே சந்திக்கும். முரண்பாட்டுக்கு இங்கே துளியும் இடமில்லை. மேற்பொருந்திய நிலை என்பது 'இரண்டும் மெய்' அல்ல, 5-ல் பார்த்த மாதிரி 'இரண்டில் எதுவும் தனியே நிச்சயமில்லை' என்ற வகை.

8. இதெல்லாம் எதுக்கு? துகளுக்கு எல்லா மதிப்பும் உள்ளே இருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை. அவ்வளவுதானே?

எல்லாரும் வந்து நிற்கும் இடம் இது. நிற்கவும் வேண்டும், ஏனென்றால் இயல்பாகத் தோன்றுவது இதுதான். ஆனால் இதற்கு எதிராக ஒரு தேற்றம் இருக்கிறது. சைமன் காஷென், எர்ன்ஸ்ட் ஸ்பெக்கர் இருவரும் 1967-ல் 117 திசைகளை வைத்து நிறுவினார்கள். 1996-ல் இயற்பியலாளர் அதான் கபெயோவும் அவருடைய இரு சகாக்களும் நான்கு பரிமாண வெளியில் 18 திசைகளாகச் சுருக்கிவிட்டார்கள், அந்த வடிவத்தைப் பத்து வரியில் சொல்லிவிடலாம்.

3-ல் வந்த கோடுகள் மாதிரி இங்கே ஒவ்வொரு திசையும் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று பதில் வரும் ஒரு கூற்று. அந்த 18 திசைகளை 9 குழுக்களாக அடுக்கியிருக்கிறார்கள். ஒரு குழுவில் 4 திசைகள், நான்கும் ஒன்றுக்கொன்று செங்குத்து. ஒவ்வொரு திசையும் சரியாக இரண்டு குழுக்களில் வருகிறது (9 × 4 = 36, 18 × 2 = 36, கணக்கு பொருந்துகிறது). ஒரு குழுவை அளந்தால் நான்கில் சரியாக ஒன்று 'ஆம்', மீதி மூன்றும் 'இல்லை'. இது குவாண்டம் இயற்பியலின் விதி. இப்போது நீங்கள் சொல்கிற மாதிரி, ஒவ்வொரு திசைக்கும் 'ஆம்' அல்லது 'இல்லை' என்ற பதில் அளப்பதற்கு முன்பே உள்ளே எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது குழுக்களிலும் உள்ள 'ஆம்'களைக் கூட்டுங்கள். குழுவுக்கு ஒன்று, மொத்தம் 9. ஆனால் ஒவ்வொரு 'ஆம்' திசையும் இரண்டு குழுக்களில் வருவதால் இரண்டு தடவை எண்ணப்படுகிறது, ஆகவே மொத்தம் இரட்டைப்படை எண்ணாகத்தான் வந்தாக வேண்டும். 9 ஒற்றைப்படை. எந்த விதமாகவும் எழுத முடியாது.

தெரியாமை, கருவியின் குறை, நிகழ்தகவு எதுவும் இந்த வாதத்தில் வரவே இல்லை. ஒற்றை, இரட்டை அவ்வளவுதான்.

9. சரி, 3-ஆம் பதிலில் காட்டிய போலரைசரை வைத்தே இதையும் காட்டலாமே?

முடியாது, இது முக்கியமான நுணுக்கம். ஒற்றை ஃபோட்டானின் முனைவாக்கம் இரண்டு பரிமாணம் மட்டுமே. அங்கே ஒரு கோட்டுக்குச் செங்குத்தாக ஒரே ஒரு கோடுதான் இருக்கும், அதனால் ஒரு திசை ஒரே ஒரு குழுவில்தான் வரும், குழுக்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாது. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு 'ஆம்', மற்றதற்கு 'இல்லை' என்று தாராளமாக எழுதிவிடலாம். காஷென், ஸ்பெக்கர் தேற்றம் மூன்று பரிமாணத்திலிருந்துதான் தொடங்குகிறது.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது: பங்கீட்டு விதி உடைவதை மட்டும் காட்டிவிட்டு 'ஆகவே மதிப்புகள் முன்பே இருக்க முடியாது' என்று முடிப்பது தவறு. இரண்டு பரிமாணத்தில் விதி உடைகிறது, மதிப்புகளும் இருக்கலாம்.

10. அப்படியென்றால் போம் கோட்பாட்டில் எல்லாம் நிர்ணயமாக இருக்கிறதே, அது எப்படித் தப்பித்தது?

8-ஆம் பதிலில் ஒரு மறைவான நிபந்தனை இருக்கிறது: ஒரு திசையின் பதில் எந்தக் குழுவோடு சேர்த்து அளந்தாலும் ஒன்றே. போம் அதை விட்டுக்கொடுக்கிறார். அவர் கோட்பாட்டில் துகளின் இடம் எப்போதும் நிர்ணயமானது, ஸ்பின் (துகளின் உள்ளார்ந்த சுழற்சி போன்ற ஒரு பண்பு) போன்ற மற்றவை கருவியை எப்படி அமைக்கிறோம் என்பதைச் சார்ந்து வெளிப்படும் பதில்கள். அங்கே தருக்கம் பழைய தருக்கமே, ஒரு விதியும் உடையவில்லை. சோதனைகள் நம்மைக் கட்டாயப்படுத்தி குவாண்டம் தருக்கத்துக்குள் தள்ளிவிட்டன என்ற பேச்சுக்கு இது நேரடியான மறுப்பு. அதற்கு அவர் கொடுக்கும் விலை வேறு, தூரத்தில் நடப்பது இங்கே உடனடியாகப் பாதிக்கும் என்பதை ஏற்க வேண்டும்.

11. தருக்கமே சோதனைக்கு உட்பட்டது என்று ஒரு தத்துவவாதி சொன்னாராமே?

ஹிலரி புட்னம், 1968-ல். அவருடைய வாதம் வடிவியலை முன்மாதிரியாக எடுத்தது. யூக்ளிடின் வடிவியல் மாற்ற முடியாத உண்மை என்று நூற்றாண்டுகளாக நினைத்தோம், 1915-ல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் வந்ததும் உண்மையான வெளிக்கு வேறு வடிவியல் என்று ஏற்றுக்கொண்டோம். அதே மாதிரி பங்கீட்டு விதியை விட்டுவிட்டால் குவாண்டம் புதிர்கள் எல்லாம் கரைந்துபோகும் என்றார். இரட்டைப் பிளவுச் சோதனையில் (இரண்டு பிளவுகள் உள்ள தடுப்பின் வழியாகத் துகள்களை அனுப்பி, பின்னால் உள்ள திரையில் எங்கே விழுகின்றன என்று பார்ப்பது), 'துகள் முதல் பிளவு வழியாக அல்லது இரண்டாம் பிளவு வழியாகச் சென்றது' என்று சொல்லலாம், அதைத் திரையில் விழுந்த இடத்தோடு பிரித்துப் பங்கிடாமல் இருந்தால் போதும் என்பது அவர் நிலை. துகளுக்கு எப்போதும் ஏதோ ஒரு இடம் உண்டு, ஏதோ ஒரு உந்தமும் (நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கிய அளவு) உண்டு என்றும் அடித்துச் சொன்னார்.

துணிச்சலான யோசனை. எந்த நம்பிக்கையும் திருத்தத்துக்கு அப்பாற்பட்டதல்ல என்று தத்துவவாதி குவைன் 1951-லேயே எழுதியதை உண்மையான இயற்பியலில் பொருத்திப் பார்க்க முயன்றார் என்ற வகையில் எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு. ஆனால் அது நிற்கவில்லை. மைக்கேல் டம்மெட் 1976-ல் கேட்ட கேள்வி நேரானது: உலகம் நம்மைச் சாராமல் நிர்ணயமாக இருக்கிறது என்று நம்புகிறவருக்கு 'அ அல்லது ஆ' மெய் என்றால் இரண்டில் ஒன்று மெய்யாக இருந்தாக வேண்டும். அதை ஏற்றால் பங்கீட்டு விதி பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடும். ஏற்காவிட்டால், 5-ல் பார்த்தபடி, 'துகளுக்கு ஏதோ ஒரு இடம் உண்டு' என்ற கூற்று மெய்யாகவும் எந்தக் குறிப்பிட்ட இடமும் மெய்யாக இல்லாமலும் இருக்கும். அதற்குப் பெயர் நிர்ணயமான உலகம் அல்ல. புட்னமே பிற்காலத்தில் இந்தத் திட்டத்தைக் கைவிட்டார், 2005-ல் எழுதிய கட்டுரையிலும் அதை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

12. 'அல்லது' என்ற சொல்லின் பொருளை மாற்றிவிட்டு தருக்கம் மாறியது என்கிறீர்கள். அது வெறும் பெயர் மாற்றம்தானே?

தருக்கத்தை மாற்றினால் பேசும் பொருளே மாறிவிடுகிறது என்று 1970-ல் அதே குவைன் வேறு தொனியில் சொன்னார். இந்தக் கேள்விக்கு என் பதில்: பாதி சரி. 3-ல் வரும் 'அல்லது' நம் பழைய 'அல்லது' அல்ல என்பதை மறைக்கத் தேவையில்லை, அதன் விதிகளே வேறு. ஆனால் 'வெறும் பெயர் மாற்றம்' என்று ஒதுக்கவும் முடியாது. பழைய உலகத்தில் பழைய 'அல்லது' போட்டுச் சேர்த்த எந்தக் கூற்றையும் சோதிக்க ஒரு சோதனை இருந்தது. குவாண்டம் உலகத்தில் அந்த வேலையைச் செய்யப் பழைய 'அல்லது'ஆல் முடியவில்லை, 4-ல் சொன்ன காரணத்தால். ஒரே அளவீட்டில் சேர்ந்து வரும் கூற்றுகளுக்குள் மட்டும் இரண்டும் ஒன்றாகவே நடந்துகொள்கின்றன, அந்தச் சின்ன வட்டத்துக்குள் பங்கீட்டு விதியும் பத்திரமாக இருக்கிறது. அந்த வட்டங்களை ஒட்டி ஒரே பெரிய வட்டமாக ஆக்க முடியாது என்பதைத்தான் 18 திசைகள் காட்டின.

13. 'ப என்றால் க' என்பது இந்தத் தருக்கத்தில் வேலை செய்யுமா?

இது பலரும் கவனிக்காமல் விடும் இடம். பள்ளியில் 'ப என்றால் க' என்பதை 'ப அல்ல, அல்லது க' என்று எழுதச் சொல்வார்கள். நம் தாளில் போடுங்கள். 'ப' 0°, 'க' 45°. 'ப அல்ல' 90°. 90° கோட்டையும் 45° கோட்டையும் சேர்த்தால் முழுத் தாள், எப்போதும் மெய். ஆக 'ப' மெய், 'ப என்றால் க' மெய், ஆனாலும் 'க' மெய் அல்ல! முன்கூற்றிலிருந்து முடிவுக்குப் போகும் அடிப்படைப் படியே சறுக்குகிறது.

அதனால் சசாகி பெயரால் வழங்கும் வேறொரு 'என்றால்' பயன்படுகிறது: 'ப அல்ல, அல்லது (ப மற்றும் க)'. இதில் அந்தப் படி தப்பிக்கிறது. ஆனால் 'ப என்றால் க' இப்போது 90° கோடு, அதைத் திருப்பிப் போட்ட 'க அல்ல என்றால் ப அல்ல' கணக்குப் போட்டால் 45° கோடு. சமமாக இருக்க வேண்டிய இரண்டும் சமமில்லை. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று போகிறது.

14. குவாண்டம் தருக்கமே உண்மையான தருக்கம் என்றால், அதை நிரூபிக்க நீங்கள் எந்தத் தருக்கத்தைப் பயன்படுத்தினீர்கள்?

பழைய தருக்கத்தை. இந்தப் பக்கம் முழுவதும் அப்படித்தான். 8-ஆம் பதிலில் '9 ஒற்றைப்படை அல்லது இரட்டைப்படை' என்று பேசியபோது இருமதிப்புக் கொள்கை அங்கே கேள்வியின்றி நின்றது. ஹில்பர்ட் வெளியின் கணிதம் மொத்தமும் பழைய தருக்கத்தில் எழுதப்பட்டது. குவாண்டம் தருக்கம் நம் சிந்தனை முழுவதற்குமான தருக்கம் என்று சொல்ல விரும்புகிறவர் அந்தக் கணிதத்தைத் தன் தருக்கத்திலேயே மறுபடி கட்டிக் காட்ட வேண்டும்.

அப்படி ஒரு முயற்சி நடந்தது. கைசி தகேயுதி 1981-ல் குவாண்டம் தருக்கத்தின் மேல் ஒரு கணக் கோட்பாட்டை எழுப்பிப் பார்த்தார். அதில் சமம் என்ற உறவின் சாதாரண விதிகளே பொதுவாகச் செல்லவில்லை. இரண்டு பொருள்கள் சமமாக இருந்தாலும் ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்துப் பேச முடியாமல் போகிறது. அதன் பிறகும் அந்தக் கோட்பாட்டில் வேலை நடக்கிறது, குறிப்பாக அளவீட்டைப் பற்றிய ஆய்வுகளில் அதற்குப் பயன் இருக்கிறது. ஆனால் அந்த வேலையைச் செய்கிறவர்களும் தங்கள் நிரூபணங்களைப் பழைய தருக்கத்தில்தான் எழுதுகிறார்கள்.